கழிக்கப்பட்ட கோல்கள்: யோசெஃப் பிட்சனின் போர்க்கால சீசன்கள் குறித்து

2021 ஜனவரியில் கிறிஸ்டியானோ ரொனால்டோ தம் 760ஆவது கோலை அடித்தபோது, பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் பிராக் நகரில் மறைந்த ஒரு முன்கள வீரரின் பெயர் உலகெங்கும் செய்திகளில் அடிபட்டது. யோசெஃப் பிட்சன் (1913–2001) அடித்தவை 759 என்றது ஒரு கணக்கு. 805 என்றது நெடுநாளாக வழங்கிவந்த இன்னொரு கணக்கு. 821 என்று அறிவித்தது செக் கால்பந்துச் சங்கம். இம்மூன்றில் எது சரி என்ற வழக்கில் இக்கட்டுரை இறங்கப்போவதில்லை. அந்த வழக்கின் இரைச்சலில் யாரும் கவனிக்காமல் போன வேறொரு கழித்தலே இங்கு ஆராயப்படுகிறது. பிட்சனின் கோல்களில் பெரும்பகுதி போர்க்காலத்தில் அடிக்கப்பட்டவை, எதிரணிகள் மெலிந்திருந்த நாளில் விளைந்தவை, ஆகவே அவற்றை அரைமதிப்புக்கே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்து கால்பந்து வரலாற்று எழுத்தில் ஏறத்தாழ விதியாகவே நிலைத்துவிட்டது. அந்த விதிக்கான சான்று என்ன என்று தேடினால், ஒருவர் எழுதியதை மற்றவர் வழிமொழிந்திருப்பதுதான் பெரும்பாலும் கிடைக்கிறது.

சர்ச்சைக்குரிய ஆவணம் ஐந்தே வரிகள். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த செக் நிலப்பகுதியான பொஹீமியா-மொராவியா காப்பரசின் லீக் பட்டியலில், 1939/40 முதல் 1943/44 வரை, ஸ்லாவியா பிராக் அணிக்காகப் பிட்சன் அடித்த கோல்கள் முறையே 50, 38, 45, 39, 57. ஐந்து சீசனிலும் லீக்கில் முதலிடம் அவருக்கே. கூட்டினால் 229. செக் லீக் வரலாற்றில் அவர் பெயரில் நிற்கும் மொத்தக் கோல்கள் 447 என்பதால், அந்த ஐந்து வரிகள் பாதிக்குச் சற்று மேல் வருகின்றன. ஆகவே போர்க்காலத் தள்ளுபடி என்பது ஓரத்தைச் சீவிவிடும் சிறு திருத்தம் அன்று. இருபத்தாறு வயதிலிருந்து முப்பது வயதுவரை, ஒரு முன்கள வீரரின் உடலும் அறிவும் ஒருசேர முதிர்ந்து நிற்கும் ஆண்டுகளை, அப்படியே சந்தேகத்துக்குரியவை என்று ஒதுக்கிவைக்கும் தீர்ப்பு அது. இத்தனை பெரிய தீர்ப்புக்கு அதற்கேற்ற சான்று வேண்டாமா?

இந்தத் தள்ளுபடி எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது பயன் தரும். இங்கிலாந்தில் 1939/40 லீக் மூன்றே ஆட்டங்களோடு நிறுத்தப்பட்டது. பிறகு நடந்தவை வட்டாரப் போட்டிகள். படைமுகாம் எங்கே இருக்கிறதோ அந்த ஊர் அணியில் விருந்தினராக ஆடிவிட்டுப் போவது அங்கே வழக்கமாயிற்று. அவ்வாண்டுகளின் சர்வதேச ஆட்டங்கள்கூட அதிகாரபூர்வமற்றவை என்றே இங்கிலாந்தில் குறிக்கப்படுகின்றன. அந்த நாட்டுக்கு அது நியாயமான முடிவு. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் லீக் பெயரளவில் நடந்தாலும், வீரர்கள் படைக்கு அழைக்கப்பட்டதால் அணிகள் கிழமைக்குக் கிழமை மாறின. பிராகின் நிலை இவ்விரண்டையும் ஒத்ததன்று. காப்பரசின் செக் மக்கள் ஜெர்மானியப் பேரரசின் முழுக் குடிமக்களாகக் கருதப்படவில்லை. கீழ்நிலைக் குடிகளாக வைக்கப்பட்டார்கள். அந்த இழிவின் ஒரு விளைவாக, ஜெர்மானியப் படையில் கட்டாயச் சேவை அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. வியன்னாவிலும் ட்ரெஸ்டனிலும் தற்காப்பு வீரர்கள் போர்முனைக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த நாளில், பிராகிலும் புர்னோவிலும் அதே செக் வீரர்கள் அதே மைதானத்தில், உள்ளூர் ஆட்டம், வெளியூர் ஆட்டம் என்ற பழைய முறையிலேயே ஆடிவந்தார்கள். இங்கிலாந்தின் சூழலுக்கு வகுத்த விதியைப் பிராகின் பட்டியல்மேல் அப்படியே போர்த்தியதுதான் முந்தைய ஆய்வு மரபின் அடிப்படைப் பிழை என்று கருதுகிறேன்.

காப்பரசு லீக் போருக்கு முந்தைய லீக்கேதான் என்று சொல்ல வருவதாக இதைக் கொள்ளக் கூடாது. அது இழந்தவை உண்டு. ஸ்லோவாக்கியா தனி நாடாகப் பிரிந்ததும் அதன் கிளப்புகள் தனி லீக்குக்குப் போயின. ஆனால் அவை மேல்தட்டு லீக்குக்கு வந்ததே 1935இல்தான், எண்ணிக்கையிலும் மிகச் சில. அவை போனதால் தரம் பாதியாகக் குறைந்தது என்ற வாதம் நிற்காது. கட்டாய உழைப்பு இதைவிடக் கனமான செய்தி. 1942க்குப் பிறகு, குறிப்பாக 1920களின் தொடக்கத்தில் பிறந்த இளைஞர்கள், ஜெர்மானியத் தொழிற்சாலைகளுக்குக் கூட்டங்கூட்டமாக அனுப்பப்பட்டார்கள். சிறு நகர் அணிகளின் பின்வரிசை இதனால் நலிந்திருக்கலாம். 57 கோல் அடித்த 1943/44 சீசனை மட்டும் ஓரளவு ஐயத்தோடு படிக்கவேண்டும் என்பவரோடு எனக்குப் பிணக்கில்லை. யூத வீரர்களின் நிலை இவை எல்லாவற்றினும் கொடியது. அவர்கள் முதலில் மைதானங்களிலிருந்து விரட்டப்பட்டார்கள். பிறகு பலர் தெரேசின் முகாமுக்கும் அங்கிருந்து கொலைக்களங்களுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். இந்த இழப்பை ஒரு முன்கள வீரரின் கோல் கணக்கில் சதவீதமாகக் கழித்துக் காட்டுவது அறிவுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது. அந்த லீக்கைப் பற்றி எழுதும் எவரும் அதைச் சொல்லியே ஆகவேண்டும். பிட்சனின் கணக்கைத் திருத்தும் கருவியாக அல்ல, அந்த லீக் எந்த மண்ணில் நடந்தது என்ற உண்மையாக.

ஐந்து வரிகளைத் தனியே பிடுங்கிவைத்துப் பார்ப்பதால்தான் அவை நம்பத்தகாதவையாகத் தோன்றுகின்றன. இருபுறமும் உள்ள வரிகளோடு சேர்த்துப் படித்தால் அந்தத் தோற்றம் கலைகிறது. வியன்னாவின் ஃபாவொரிட்டன் பகுதியில் செக் குடும்பமொன்றில் பிறந்த பிட்சன், இருபதாம் வயதில் ஆஸ்திரிய தேசிய அணிக்காக உலகக் கோப்பையில் பிரான்சுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் கோல் அடித்தவர். 1933/34இல் ஆஸ்திரிய லீக்கிலேயே அதிகக் கோல் அடித்தவரும் அவரே. ரேப்பிட், அட்மிரா ஆகிய இரு கிளப்புகளோடும் பட்டம் வென்றபின் 1937இல் ஸ்லாவியாவுக்கு வந்தார். மத்திய ஐரோப்பியக் கிளப்புகளுக்கான மித்ரோபா கோப்பையை 1938இல் ஸ்லாவியா வென்றபோது அப்போட்டியில் அவர் அடித்தவை 10. அந்தப் பாதையில் ஸ்லாவியா பிராகில் 9–0 என்று வீழ்த்தியது அவ்வாண்டின் இத்தாலிய சாம்பியனான அம்ப்ரோசியானாவை. இத்தாலி உலகக் கோப்பையை வென்று சில வாரங்களே ஆகியிருந்தன. மெலிந்த எதிரணிகள் என்ற விளக்கத்துக்கு இங்கே இடமே இல்லை. மறுபக்கம் போருக்குப் பிந்தைய வரிகள் இருக்கின்றன. 1945/46இல் 31. ஸ்லோவாக்கியக் கிளப்புகள் திரும்பிவந்த பிறகு, 1946/47இல் 43. முப்பத்து மூன்று வயதில் அடித்த இந்த 43, போர்க்கால ஐந்து சீசன்களில் இரண்டைவிட அதிகம். சுற்றுகளின் எண்ணிக்கை சீசனுக்குச் சீசன் வேறுபட்டதால் இந்த ஒப்பீட்டை அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஆயினும் போர்க்கால வரிகள் செயற்கையாக ஊதியவை என்றால், போர் முடிந்ததும் கோல் வரத்து சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை. 1950இல் விட்கோவிட்சே அணிக்கு ஆடி 22 கோலோடு அவர் மீண்டும் லீக்கின் முதலிடத்தில் நிற்கிறார். இன்னொரு சிறு சான்றும் உண்டு. 57 கோல் அடித்த அந்த 1943/44 சீசனில் பட்டம் வென்றது ஸ்லாவியா அல்ல, ஸ்பார்ட்டா. எல்லாரும் மெலிந்துகிடந்த லீக்கில் ஒரு கிளப் மட்டும் கொழுத்திருந்தது என்ற சித்திரம் இந்த ஒரு செய்தியிலேயே விரிசல் காண்கிறது.

தள்ளுபடி விதி எவ்வளவு சீரற்றது என்பதை ஒரே ஆட்டம் காட்டிவிடும். 1939 நவம்பர் 12, அன்று ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரம், இன்றைய வ்ரோட்ஸ்வாஃப். ஹெர்பெர்கர் பயிற்றுவித்த ஜெர்மன் தேசிய அணிக்கு எதிராகப் பொஹீமியா-மொராவியா என்ற பெயரில் ஒரு செக் அணி இறங்கியது. முடிவு 4–4. செக் அணியின் நான்கில் மூன்று பிட்சன் அடித்தவை. அக்டோபர் 28ஆம் நாள் பிராக் ஆர்ப்பாட்டத்தில் சுடப்பட்ட மருத்துவ மாணவர் யான் ஒப்லெத்தால் இறந்தது நவம்பர் 11, அதாவது ஆட்டத்துக்கு முந்தைய நாள். ஆட்டம் முடிந்து ஐந்து நாள் கழித்துச் செக் பல்கலைக்கழகங்கள் இழுத்து மூடப்பட்டன. இந்தத் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, விளையாட்டு வரலாறு என்று நாம் பிரித்துவைத்திருக்கும் துறை எவ்வளவு மெல்லிய சுவரால் பிரிந்திருக்கிறது என்பது புலப்படுகிறது. நம் வாதத்துக்கு வேண்டியது இதுதான்: ஜெர்மன் கால்பந்துச் சங்கம் இந்த ஆட்டத்தைத் தன் அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டங்களில் ஒன்றாக இன்றளவும் எண்ணுகிறது. அங்கே ஜெர்மன் வீரர்கள் அடித்த நான்கும் அவரவர் கணக்கில் முழு மதிப்போடு உட்கார்ந்திருக்கின்றன. அதே தொண்ணூறு நிமிடத்தில், அதே புல்வெளியில் பிட்சன் அடித்த மூன்று மட்டும், ஆஸ்திரியாவுக்கான 14இலும் சேராமல், செக்கோஸ்லோவாக்கியாவுக்கான 12இலும் சேராமல், அடிக்குறிப்போடு தனியே நிற்கின்றன. அவற்றைக் கழித்துவிட்டு எழுதுபவர்களும் உண்டு. எதிரணியின் வலுவே அளவுகோல் என்றால், வென்றடக்கிய நாட்டின் தேசிய அணிக்கு எதிராக, அந்த நாட்டின் மண்ணிலேயே அடித்த மூன்று கோல்கள் அவருடைய வாழ்க்கையின் கனமான கோல்களுள் சேரவேண்டும். இதே சீரின்மை கிளப் ஆட்டங்களிலும் உண்டு. ரேப்பிடில் பிட்சனோடு ஆடிய ஃப்ரான்ஸ் பிண்டர், 1941 ஜூன் 22இல் பெர்லினில் ஷால்கேவுக்கு எதிரான ஜெர்மன் இறுதியாட்டத்தில், 0–3 என்று பின்தங்கிய ரேப்பிட் 4–3 என்று வெல்ல மூன்று கோல் அடித்தார். சோவியத் நாட்டின்மீது ஜெர்மனி படையெடுத்த நாள் அது. அந்தக் கோல்களுக்கு யாரும் போர்க்காலத் தள்ளுபடி போட்டதாகக் காணோம்.

ஆனால் பிட்சனின் கணக்கில் கழிக்கவேண்டியவை இல்லாமல் இல்லை. அவை இருப்பது வேறிடம். ரேப்பிடின் ரிசர்வ், அமெச்சூர் அணிகளுக்கு இளமையில் அடித்தவை, நட்பு ஆட்டங்கள், நகரங்களுக்கிடையே நடந்த காட்சி ஆட்டங்கள் ஆகியவற்றை லீக் கோல்களோடு ஒரே மூட்டையாகக் கட்டும்போதுதான் கணக்கு கெடுகிறது. 805க்கும் 759க்கும் இடையிலான வேறுபாடு பெரிதும் இப்படிப்பட்டவற்றால் ஆனது. முதுமையில் அவரே சொன்னதாக வழங்கும் கதைகளும் இந்த வகையே. பேலேவைவிடப் பன்மடங்கு அடித்தேன் என்றால் யார் நம்பியிருப்பார்கள் என்று அவர் கேட்டதாக வரும் செய்தியை எண்ணிக்கைக்குச் சான்றாகக் கொள்ள இயலாது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் கட்சியில் சேர மறுத்து, பிழைப்புக்காகக் கூலி வேலையும் பார்த்து, பல ஆண்டு பெயர் மறைந்து வாழ்ந்த மனிதர், கேட்க ஆள் கிடைத்த காலத்தில் சொன்ன சொல் அது. அவருடைய மனத்தை அறிய அது விலைமதிப்பற்ற ஆவணம், ஆனால் கோல் எண்ணிக்கைக்கு உதவாது. நினைவை நம்பிய அதே எழுத்தாளர்கள், அச்சிட்ட லீக் பட்டியலை ஐயுற்றதுதான் வியப்பு.

அக்காலத்தில் எல்லாரும் அதிகக் கோல் அடித்தார்கள் என்ற மறுப்பு எளிதில் தீரும். ஐந்து சீசனிலும் முதலிடம் ஒருவருக்கே என்றால், கால வெள்ளம் எல்லாரையும் ஒரே அளவு உயர்த்தவில்லை என்று பொருள். அந்த லீக்கை இன்றைய லீக்குகளோடு ஒப்பிட முடியாது என்பதும் உண்மைதான். அப்படி ஒப்பிடும்படி வரலாற்றாய்வு நம்மைக் கேட்கவுமில்லை. ஆக்கிரமிப்பின்கீழ் நடந்த லீக்கை மதிப்பது ஆக்கிரமிப்பை மதிப்பதாகும் என்ற வாதத்துக்கு ஒன்று சொல்லலாம்: கல்லூரிகள் மூடப்பட்ட நாட்டில் ஆயிரக்கணக்கான செக் மக்கள் சட்டப்படி ஓரிடத்தில் கூடித் தம் மொழியில் கத்தக் கிடைத்த மிகச் சில இடங்களுள் கால்பந்து மைதானமும் ஒன்று. அங்கே அடித்த கோல்களை ஆக்கிரமிப்பாளரின் கணக்கில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் முன்வைப்பது, ஒற்றை மொத்த எண்ணைக் கைவிட்டு, நாடு, போட்டி, சீசன் என்று பிரித்த பட்டியலை அப்படியே அச்சிடுவது. அந்தப் பட்டியலில் 1943/44இன் 57க்கு அடுத்த வரி வெறுமையாக இருக்கும், ஏனெனில் 1944/45இல் லீக் நடக்கவில்லை. அவ்வாண்டு பிட்சனுக்கு வயது முப்பத்தொன்று. முந்தைய சீசனில் 57, அடுத்து நடந்த சீசனில் 31 அடித்த ஒருவரிடமிருந்து போர் பறித்துக்கொண்டது எத்தனை கோல் என்று, போரின் பெயரால் கழித்தவர்களில் ஒருவரும் இதுவரை கணக்குப் பார்க்கவில்லை.