உறைபனி போட்ட வேலி

சிறுசேரியில் மார்கழி பிறந்தால் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் குரங்குக் குல்லாய்க்குள் காணாமல் போய்விடுவார். கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும். ‘‘என்னா குளிரு ஸார்!’’ என்பார். தெர்மாமீட்டரைப் பார்த்தால் 21 டிகிரி! சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பமே 13.9 டிகிரிதான். அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தைய கதை.

போன வருஷம் ஊட்டியிலிருந்து வந்த சித்தி, என் பால்கனியில் செழித்திருந்த கறிவேப்பிலையைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரு கன்றை வாங்கிப் போனாள். ஜனவரியில் போன் வந்தது. ‘‘ராத்திரி நல்லா இருந்துச்சுடா. காலையில பார்த்தா நெருப்பு வெச்ச மாதிரி கருகிக் கிடக்கு!’’

சித்தி சொன்னது சரியான வார்த்தை. நீலகிரியில் தேயிலைக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள்... ‘உறைபனியில செடி கருகிப்போச்சு’ என்று. குளிரில் எப்படிக் கருகும்?

தண்ணீர்க் குழாய் உறைந்தால் வெடிப்பதுபோல, செடியின் செல்களும் பனியில் வெடித்துச் செத்துப் போகின்றன என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 1880-களில் ஹெர்மன் முல்லர் என்ற சுவிஸ் விஞ்ஞானி உறைந்த செடிகளை ஆராய்ந்தபோது வேறு கதை தெரிந்தது. பனிக்கட்டி பெரும்பாலும் செல்லுக்கு உள்ளே உண்டாவதில்லை. செல்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் உண்டாகிறது. அங்கிருந்தபடி செல்லுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி இழுக்கிறது. அதாவது செடி வெடித்துச் சாவதில்லை... தாகத்தில் சாகிறது!

குளிர்தேச மரங்கள் இதற்கு முன்கூட்டியே தயாராகிவிடும். இலையுதிர் காலத்தில் பகல் குறையத் தொடங்கியதும் ‘வரப்போகுது’ என்று மரத்துக்குப் புரிந்துவிடும். செல்லுக்குள் சர்க்கரையைச் சேர்க்கும். பாகு கெட்டியானால் லேசில் உறையாது, நீரையும் விட்டுக்கொடுக்காது இல்லையா... அதே தந்திரம். செல்லின் மேல் சவ்வில் உள்ள கொழுப்பையும் மாற்றிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் குளிரில் கட்டியாகும், நல்லெண்ணெய் ஆகாதே, அந்த மாதிரி இளகின வகைக்கு மாறிவிடும். இதெல்லாம் முடியச் சில வாரங்கள் பிடிக்கும். தயாரான மரம் என்னவெல்லாம் தாங்கும்? 1960-ல் ஜப்பானின் அகிரா சகாய், குளிர்காலத்து மரக்குச்சிகளை மெள்ள மெள்ள உறையவைத்து, கடைசியில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்தார். அதன் பிறகும் உயிரோடு இருந்தன! அதே மரம் கோடையில் சின்னக் குளிருக்கே சுருண்டுவிடும். ஆக, குளிரைத் தாங்குவது என்பது பாதி பிறவிக் குணம், பாதி பயிற்சி.

சரி, ஊட்டிக்கு வருவோம். அங்கே அந்தப் பயிற்சிக்கு வழியே இல்லை. நம் அட்சரேகையில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். எச்சரிக்கை மணி சரியாகக் கேட்காது. மதியம் 20 டிகிரி வெயில். விடியற்காலையில் பள்ளத்தாக்கில் பூஜ்யம், சில நாள் அதற்கும் கீழே. காலையில் ஏறும் வெயிலோ அசல் வெப்பமண்டல வெயில். குளிரில் விறைத்துப்போன இலையால் அந்த ஒளியைச் செரிக்க முடியாது. சமைக்க ஆளில்லாத அடுப்பில் நெருப்பு மட்டும் எரிந்தால் என்ன ஆகும்? கருகும்! அதனால்தான் அங்கே தேயிலைச் செடிகளைத் தாகைத் தழை போட்டு மூடுகிறார்கள். பூங்காவில் வெயில் ஏறுமுன் செடிகளின் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள்.

இனிதான் சரித்திரம்.

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மேல் ஏறினார். பின்னாலேயே துரைமார்கள் வந்தார்கள். அவர்கள் பார்த்த காட்சி: அலையலையாகப் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் திட்டுத் திட்டாக அடர்ந்த சோலைக் காடு. புல்வெளியில் தோடர்களின் எருமைகள் மேய்ந்தன. சோலைக்கும் புல்லுக்கும் நடுவே, யாரோ கோடு கிழித்த மாதிரி ஓர் எல்லை. நல்ல மண், நல்ல மழை, ஆனால் புல்வெளியில் மரமில்லை. வெள்ளைக்காரர்களின் கணக்கில் இது ‘வேஸ்ட் லேண்ட்’... தரிசு. 1863-ல், விற்கப்படும் தரிசு நிலங்களின் மேல் யாருக்கு உரிமை என்று தீர்க்கத் தனிச் சட்டமே போட்டார்கள். அது தோடர்களின் மேய்ச்சல் நிலம் என்று சல்லிவன் வாதாடியது எடுபடவில்லை.

இதற்கிடையே விறகுக்காகச் சோலைகளை வெட்டி வெட்டி, ஊட்டியில் விறகுப் பஞ்சம். 1843-ல் கேப்டன் காட்டன் என்பவர் ஆஸ்திரேலியாவின் கற்பூர மரத்தை, அதாவது யூகலிப்டஸை, வெலிங்டனில் நட்டார். சீகை என்று நாம் சொல்லும் வாட்டில் மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்தே வந்தது. இரண்டும் தாய்நாட்டிலேயே பனி பார்த்தவை. ஜம்மென்று வளர்ந்தன. நாம் சுதந்திரம் வாங்கிய பிறகும் கதை மாறவில்லை. தோல் பதனிட சீகைப் பட்டை, ரேயான் கூழுக்குக் கற்பூர மரம் என்று 1950, 60-களில் நம் அரசாங்கமே புல்வெளிகளில் நட்டுத் தள்ளியது.

ஆனால், ‘ஏன் இங்கே சோலை மரம் முளைக்கவில்லை?’ என்ற கேள்வியை ஒருவர் முன்பே கேட்டிருந்தார். சி.ஆர்.ரங்கநாதன் என்ற வனத்துறை அதிகாரி. 1938-ல் ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் எழுதினார்: காரணம் உறைபனி. சோலைக்குள் மரக்கூரை ஒரு போர்வை மாதிரி சூட்டைப் பிடித்துவைக்கும். வெட்டவெளிப் புல்வெளியில் சூடெல்லாம் இரவு வானத்துக்குப் போய்விடும். கனத்த குளிர்காற்று பள்ளத்தில் வந்து தேங்கும். அங்கே முளைக்கும் சோலைக் கன்று ஒரு குளிர்காலத்தில் காலி. புல் மட்டும் எப்படிப் பிழைக்கிறது? அதன் உயிர் மண்ணோடு ஒட்டிய அடிக்குருத்தில். மேலே கருகினாலும் மறுபடி துளிர்க்கும்.

அதே வருஷம் என்.எல்.போர் என்ற இன்னொரு வன அதிகாரி மறுத்தார். மனிதன் வைத்த தீயும் மாட்டு மேய்ச்சலும்தான் காட்டை அழித்துப் புல்லாக்கின என்றார். ரங்கநாதன் சொன்னபடி என்றால் புல்வெளி இயற்கை. போர் சொன்னபடி என்றால் அது அழிந்த காடு, மரம் நடுவதே புண்ணியம்!

தீர்ப்புக்கு ரொம்ப நாள் ஆயிற்று. 1993-ல் ஆர்.சுகுமார் குழுவினர் நீலகிரியின் சதுப்பு மண்ணைத் தோண்டி, அதிலிருந்த கார்பனை ஆராய்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். சுமார் 20,000 வருஷங்களுக்கு முன்பே அங்கே புல் இருந்தது. 2020-ல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆய்வு, ரங்கநாதன் சொன்னதைக் களத்திலேயே உறுதி செய்தது. புல்வெளியில் வளர்ந்த சோலைக் கன்றுகளை உறைபனி கொன்றது. சீகைக் கன்றோ தாக்குப்பிடித்தது.

விஷயம் இதுதான். அந்த எல்லைக்கோடு தற்செயல் அல்ல. உறைபனி போட்ட வேலி. உள்ளூர் மரத்தை அது நிறுத்தியது. வெளியூர் மரம் தாண்டிக் குதித்தது. பழனி மலையில் மட்டும் நாற்பது வருஷத்தில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. போனது வெறும் புல்லா? வரையாட்டின் வீடு, தோடர்களின் மேய்ச்சல், மழையைப் பிடித்துவைத்து ஓடைக்கு நிதானமாக விடும் பஞ்சு... எல்லாம் சேர்ந்து போனது. இன்னொரு கவலையும் உண்டு. பூமி சூடாகி உறைபனி இரவுகள் குறைந்தால், அந்த வேலியே பலவீனமாகிவிடும் என்று 2020 ஆய்வு எச்சரிக்கிறது.

எங்கோ மலைமேல் நடந்தது என்று சிறுசேரிக்காரன் நான் நிம்மதியாக இருக்க முடியவில்லை. இங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் வடக்கே போனால் பள்ளிக்கரணை. அதையும் ஒரு காலத்தில் உதவாத நிலம் என்றுதான் சொன்னோம். குப்பை கொட்டினோம், கட்டடம் கட்டினோம். அது வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் கழுவெளி என்பது 2015-ல் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோதுதான் நம்மில் பலருக்கு உறைத்தது. 2022-ல் அது ராம்சர் பட்டியலில் ஏறியது. ஏறும்போது மிச்சமிருந்தது கொஞ்சம்தான்.

மரம் இல்லாத இடத்தைப் பார்த்ததும் ‘சும்மா கிடக்கு’ என்று சொல்லத்தான் நமக்கு வாய் வருகிறது. ஏன் இங்கே மரம் இல்லை என்று முதலில் கேட்டிருக்கலாம்.

சித்தி நேற்று மறுபடி போன் செய்தாள். இன்னொரு கறிவேப்பிலைக் கன்று வேண்டுமாம். ‘‘இந்தத் தடவை ராத்திரியில வீட்டுக்குள்ள எடுத்து வெச்சுடறேன்டா!’’

சித்திக்குப் புரிந்துவிட்டது.