மைக் பொருத்திய உட்செவி இயர்போன்: மலிவு விலையில் தரம் காணும் முறை

செவித்துளையின் வாயிலில் இறுகப் பொருந்தி, வெளியோசையை ஓரளவு விலக்கி, பாட்டையும் பேச்சையும் செவிப்பறைக்கு வெகு சமீபத்திலிருந்து சேர்ப்பிக்கும் சிறு கருவி உட்செவி இயர்போன் எனப்படும். அதன் கம்பியில், தாடைக்குச் சற்றுக் கீழே, பொத்தானோடு கூடிய மைக்கும் அமைந்துவிட்டால், கேட்பதற்கும் பேசுவதற்கும் ஒருங்கே பிரயோஜனப்பட்டு, ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்ற பெயரால் கடைத்தெருவில் வழங்குகிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இக்கருவிகளின் பெட்டிகளில் பெரும்பாலும் ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அது மனிதச் செவியின் எல்லையைக் குறிப்பதேயன்றி அக்கருவியின் யோக்கியதையைக் குறிப்பதன்று; அந்த எல்லைக்குள் எந்த ஸ்தாயி ஓங்கும், எது ஒடுங்கும் என்பதைச் சொல்லாத எண்ணால் வாங்குவோனுக்கு லாபமில்லை. ஆகவே பரீட்சை காதினாலேயே நடைபெற வேண்டும்.

முதற்கண் பார்க்க வேண்டியது முனையிலுள்ள ரப்பர் குமிழ். சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவுகள் உடன் வருவது வழக்கமாயினும், பெட்டியில் மாட்டி வந்த நடுத்தரத்தையே மாட்டிக்கொண்டு ‘இதில் பேஸ் (கீழ் ஸ்தாயி) இல்லை’ என்று குறைகூறுவோர் அநேகர். செவித்துளைக்கும் குமிழுக்கும் இடையே மயிரிழை சந்து இருந்தாலும் கீழ் ஸ்தாயி ஒலி பெருமளவு அதன் வழியே கசிந்துபோகும். பாட்டு ஓடும்போதே விரலால் இயர்போனை மெல்ல உள்ளே அழுத்திப் பார்க்க, ஒலி திடீரெனக் கனத்தால், குமிழ் சிறிதென்று அறியலாம். ஒருவருக்கே இரு காதுகளின் துளையும் எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை. வலத்துக்கு ஒன்றும் இடத்துக்கு ஒன்றுமாக மாட்டிக்கொள்வதில் வெட்கமொன்றுமில்லை.

அடுத்தது இசை. மலிவுக் கருவிகளின் பொதுவான பிணி, கீழ் ஸ்தாயியை அளவுக்கு மிஞ்சி ஊதிவிடுவதாம். இதைக் கண்டுகொள்ள மிருதங்கத்தைக் காட்டிலும் நல்ல சோதனை இல்லை: இடப்புறத் தொப்பியில் வித்துவான் உள்ளங்கையை அழுத்தி வழுக்கி எழுப்பும் கும்கி, நல்ல கருவியில் கீழிருந்து மேலாக வளைந்தேறுவது தெளிவாகக் கேட்கும், ஊதிய கருவியிலோ அந்த வளைவு மறைந்து, எல்லாம் ஒரே ‘தும்’மாகப் போய்விடும். பாடகர் மூச்சு வாங்குவது கேட்கிறதா, தம்புராவின் ரீங்காரம் வயலினோடு குழம்பாமல் பின்னே நிற்கிறதா என்பவற்றையும் கவனித்தால் போதும்.

வீட்டில் நன்றாயிருப்பது வெளியில் நன்றாயிராது. பெங்களூரில் அல்சூர் (ஹலசூரு) வாசிகளுக்கு இதற்குச் செலவில்லாத பரீட்சைக்கூடம் ஒன்று உண்டு. 2011-ஆம் ஆண்டு முதல் ரயில் நின்றுசெல்லும் ஹலசூரு மெட்ரோ நிலையத்தில் ஏறினால், டிரினிட்டியும் எம்.ஜி. ரோடும் கடக்கும் வரை மேம்பாலத்திலேயே செல்லும் வண்டி, கப்பன் பார்க்கை நெருங்கும்போது சுரங்கத்துள் புகுகிறது. அங்கே எழும் கடகட ஓசைக்காக ஒலியளவை எத்தனை படி ஏற்ற நேர்கிறது என்று எண்ணிக்கொள்வதே பரீட்சை. ஓரிரு படியானால் குமிழ் நன்கு அடைக்கிறது. ஐந்தாறு படியானால் அது காதுக்குக் கேடு. வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்த வரம்பு. ஒலி 3 டெசிபல் ஏறுந்தோறும் கேட்கத்தகும் நேரம் பாதியாகக் குறைகிறது.

மைக்கைப் பற்றி விற்பவரும் வாங்குபவரும் ஒருங்கே அசட்டையாயிருப்பது வியப்பே. கடுகளவில் இத்தனை மலிவாக மைக் அமைந்ததற்கு மூலகாரணம், 1962-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்னும் இருவர் கண்ட எலக்ட்ரெட் முறையாகும். ஆயின் மைக் நல்லதாயிருந்தும் அது சட்டைக் காலரில் உரசினால் மறுமுனையில் இருப்பவருக்குக் கேட்பது சரசரப்பே. வண்டிகள் ஓடும் சாலையோரம் நின்று, ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ என்ற இரு எண்களையும் கலந்து சொல்லி, மறுமுனையிலுள்ளவரைத் திருப்பிச் சொல்லச் செய்க. ஆட்டோ கடந்து செல்லும் கணத்திலும் அவர் பிழையின்றிச் சொன்னால் மைக் தேறியது. போனிலேயே பதிவுசெய்து கேட்பது மட்டும் போதாது, ஏனெனில் அழைப்பின்போது போன் தானே இரைச்சலை வடிகட்டிக் குரலையும் சற்று மாற்றிவிடுகிறது.

சில சமயம் கருவி குற்றமற்றதாயிருந்தும் பழி சுமக்கும். மூன்று கோடுகளால் நான்கு பகுதியாகப் பிரிந்த 3.5 மில்லிமீட்டர் பின்னில் இடம், வலம், பூமி (கிரவுண்ட்), மைக் என நான்கு தொடர்புகள் உள. கடைசி இரண்டின் வரிசை சி.டி.ஐ.ஏ., ஓ.எம்.டி.பி. என்னும் இரு முறைகளில் ஒன்றுக்கொன்று மாறியிருக்கும். பழைய போனுக்கென வந்த இயர்போனைப் புதிய போனில் சொருகினால், பாடகர் குரல் மாயமாக மறைந்து, பக்கவாத்தியங்களும் எதிரொலியும் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தாலோ குரல் உடனே திரும்பிவிடும். இவ்வாறே ஒரு நல்ல இயர்போனைக் கெட்டதென்று நான் வீட்டு மூலையில் போட்டுவைத்து, பின்னர் விரல் தற்செயலாகப் பொத்தானில் பட்டபோதுதான் உண்மை அறிந்தேன். டைப்-சி பின் உள்ளவற்றிலும் எல்லாப் போனும் எல்லா இயர்போனையும் ஏற்பதில்லை. வாங்கும் கடையிலேயே சொந்தப் போனில் சொருகிப் பார்ப்பது நலம்.

இறுதியில் கம்பி. இக்கருவிகள் பெரும்பாலும் பழுதாவது ஒலி எழுப்பும் பாகத்திலன்று. பின்னின் கழுத்திலும், ஒரு கம்பி இரண்டாகப் பிரியும் இடத்திலுமே. பாட்டு ஓடும்போது அவ்விரு இடங்களையும் மெல்ல வளைத்துப் பார்த்து, ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்டால், பில்லைக் கையில் வாங்கும் முன்பே வேறொன்று கேட்கலாம்.