நாலு வார்த்தை... ஒரு தூக்குக்கயிறு!

வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், தெருமுனையில் ஒரு 'டு லெட்' போர்டு கண்ணில் பட்டதும் வருகிற சந்தோஷம்! 'லெட்' என்றால் வாடகைக்கு விடுவது. இதில் குழப்பமே இல்லை.

சரி, இப்போது பீரோவைத் திறந்து உங்கள் பாஸ்போர்ட்டை எடுங்கள். உள்பக்கத்தில், குடியரசுத் தலைவரின் பெயரால் உலக நாடுகளுக்கு ஒரு வேண்டுகோள் அச்சாகியிருக்கும். இதை வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' போக விடுங்கள் என்று. இங்கே 'லெட்' என்றால் வாடகை இல்லை. தடை!

'லெட் மீ கோ' என்றால் 'என்னைப் போக விடு'. அங்கே அனுமதி. பாஸ்போர்ட்டில் தடை. கேட்டில் தொங்கினால் வாடகை. ஒரு துளியூண்டு வார்த்தைக்குள் நேர் எதிரான அர்த்தங்கள் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன?

பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு வெவ்வேறு வார்த்தைகள். 'லேட்டன்' என்றால் விடுவது, அனுமதிப்பது. 'லெட்டன்' என்றால் தடுப்பது, தாமதப்படுத்துவது. நூற்றாண்டுகள் போகப் போக வால் தேய்ந்து, இரண்டுமே 'லெட்' என்று ஆகிவிட்டன. ஷேக்ஸ்பியர் காலத்தில்கூட இரண்டும் புழக்கத்தில் இருந்தன. 'ஹாம்லெட்' நாடகத்தில் 'தடுப்பது' என்கிற அர்த்தத்தில் 'லெட்' வருகிறது. பிறகு 'தடை' மெல்ல ஒதுங்கி, பாஸ்போர்ட்டிலும் டென்னிஸ் கோர்ட்டிலும் போய் உட்கார்ந்துகொண்டது. சர்வீஸ் போட்ட பந்து வலையை உரசினால் அம்பயர் 'லெட்' என்கிறாரே, அது இந்தத் தடைதான் என்பது பொதுவான கருத்து.

ஆங்கிலத்தில் பெரிய வார்த்தைகளைப் பார்த்துத்தான் நாம் பயப்படுகிறோம். உண்மையில் அவை பரம சாதுக்கள்! 'போட்டோசிந்தசிஸ்' என்றால் ஒரே அர்த்தம்தான். வம்பு செய்வதெல்லாம் குட்டி வார்த்தைகள். 1989-ல் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு வந்தபோது, 'செட்' என்கிற மூன்றெழுத்து வார்த்தைக்கு 430-க்கும் மேல் அர்த்தங்கள் இருந்தன. அதை விளக்க மட்டும் சுமார் 60,000 வார்த்தைகள் தேவைப்பட்டன. ஒரு நாவல் அளவுக்கு! பிறகு 'ரன்' அதை முந்திக்கொண்டு ஓடிவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 அர்த்தங்கள் என்று 2011-ல் செய்தி வந்தது. அதைத் தொகுத்து முடிக்க பீட்டர் கில்லிவர் என்கிற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதம் ஆனதாம்.

கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால், இப்படிப்பட்ட குட்டி வார்த்தைகள் நாலு சேர்ந்து ஒரு பையனைத் தூக்குமேடை வரைக்கும் கொண்டுபோய் விட்டன. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

1952, நவம்பர் 2. ஞாயிற்றுக்கிழமை இரவு. லண்டனுக்குத் தெற்கே க்ராய்டன். மிட்டாய் கம்பெனி ஒன்றின் கிடங்குச் சுவரில் இரண்டு பையன்கள் ஏறுவதை எதிர்வீட்டுச் சிறுமி ஒருத்தி பார்த்துவிட்டாள். போலீஸுக்குத் தகவல் போனது.

ஒருவன் கிறிஸ்டோபர் க்ரெய்க். வயது 16. கையில் துப்பாக்கி. சில நாட்களுக்கு முன்புதான் அவன் அண்ணனுக்கு 12 வருஷ சிறைத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. போலீஸ் மேல் கொலைவெறியில் இருந்தான். இன்னொருவன் டெரிக் பென்ட்லி. வயது 19. வலிப்பு நோய் உள்ளவன். எழுதப் படிக்கத் தெரியாது. உடம்பு வளர்ந்திருந்தாலும் மூளைக்கு பதினோரு வயசுதான் என்றார்கள் டாக்டர்கள். அவனிடம் துப்பாக்கி இல்லை.

மாடிக்கு முதலில் ஏறியவர் ஃபேர்ஃபாக்ஸ் என்கிற துப்பறியும் கான்ஸ்டபிள். பென்ட்லியைப் பிடித்துவிட்டார். இந்த இடத்தில்தான், பென்ட்லி தன் நண்பனைப் பார்த்து அந்த நாலு வார்த்தைகளைச் சொன்னதாகப் போலீஸ் தரப்பு சொன்னது:

''லெட் ஹிம் ஹேவ் இட், கிறிஸ்!''

க்ரெய்க் சுட்டான். குண்டு ஃபேர்ஃபாக்ஸின் தோளில் பட்டது. அந்தக் காயத்தோடும் அவர் பென்ட்லியை விடவில்லை. சுமார் கால் மணி நேரம் கழித்து, படிக்கட்டு வழியே மாடிக்கு வந்த கான்ஸ்டபிள் சிட்னி மைல்ஸ் நெற்றியில் குண்டு பாய்ந்து அந்த இடத்திலேயே இறந்துபோனார். தோட்டா தீர்ந்ததும் க்ரெய்க் மாடியிலிருந்து குதித்து, முதுகெலும்பு முறிந்து, உயிர் பிழைத்தான்.

இப்போது அந்த நாலு வார்த்தைக்கு வருவோம். தமிழ்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ''அவனுக்குக் குடுடா!'' அவ்வளவுதான்! கேட்ட பொருளைக் 'குடுடா' என்றும் எடுத்துக்கொள்ளலாம். 'நல்லா நாலு குடுடா' என்றும் எடுத்துக்கொள்ளலாம். நம் 'குடு' போலத்தான் அவர்களுடைய 'லெட் ஹிம் ஹேவ் இட்'. ''கிறிஸ், துப்பாக்கியை அவரிடம் கொடுத்துவிடு'' என்று கெஞ்சியதாகவும் இருக்கலாம். ''சுடு!'' என்று ஏவியதாகவும் இருக்கலாம். முதல் அர்த்தம் என்றால், அவன் ஓர் உயிரைக் காப்பாற்றப் பார்த்தவன். இரண்டாவது என்றால் கொலைகாரன். நடுவில் எதுவுமே இல்லை!

1952 டிசம்பர் 9-ம் தேதி வழக்கு விசாரணை ஆரம்பித்தது. நீதிபதி, இங்கிலாந்தின் தலைமை நீதிபதியான லார்டு கோடார்டு. மூன்று போலீஸார் கூண்டில் ஏறி, அந்த வார்த்தைகளைக் காதால் கேட்டதாகச் சொன்னார்கள். பென்ட்லியோ, ''நான் அப்படிச் சொல்லவே இல்லை'' என்றான். ''அவன் சொல்லவில்லை'' என்று க்ரெய்க்கும் சாட்சி சொன்னான்.

இதில் ஒரு கொடுமையான சிக்கல் இருக்கிறது, கவனித்தீர்களா? 'சொல்லவே இல்லை' என்று கட்சிக்காரன் சாதிக்கும்போது, 'சொன்னான், ஆனால் வேறு அர்த்தத்தில் சொன்னான்' என்று வக்கீல் எப்படி வாதாடுவார்? ஆக, அந்த முதல் அர்த்தம் பென்ட்லிக்கு உதவ வழியே இல்லாமல் போனது.

தவிர, 1940-ல் வடக்கு இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் இதே மாதிரி ஒரு வழக்கு நடந்திருக்கிறது. அங்கேயும் திருட வந்த இருவர். அங்கேயும் சுடப்பட்டு இறந்தவர் ஒரு போலீஸ்காரர். அங்கேயும் கூட்டாளி சொன்னதாகப் பதிவானது, 'லெட் ஹிம் ஹேவ் இட்'! இருவருமே தூக்கிலிடப்பட்டார்கள். பழைய வழக்கின் வசனம் புது வழக்கில் ஒட்டவைக்கப்பட்டதோ என்று பிற்பாடு பலர் சந்தேகப்பட்டதில் ஆச்சரியமில்லை.

டிசம்பர் 11. ஜூரிகள் 75 நிமிடத்தில் முடிவுக்கு வந்தார்கள். இருவரும் குற்றவாளிகள். பென்ட்லி விஷயத்தில் மட்டும் கருணை காட்டும்படி சிபாரிசு செய்தார்கள். சுட்ட க்ரெய்க்குக்கு 18 வயது ஆகவில்லை. அவனைத் தூக்கில் போடச் சட்டத்தில் இடமில்லை. சுடாத பென்ட்லிக்கு மரண தண்டனை!

நாடே கொதித்தது. பார்லிமென்ட்டில் சுமார் 200 உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டார்கள். உள்துறை அமைச்சர் மேக்ஸ்வெல் ஃபைஃப் அசைந்து கொடுக்கவில்லை. 1953, ஜனவரி 28. காலை ஒன்பது மணிக்கு வாண்ட்ஸ்வொர்த் சிறையில் டெரிக் பென்ட்லி தூக்கிலிடப்பட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை இரவிலிருந்து கணக்குப் போட்டால், வெறும் 87 நாள்! க்ரெய்க் பத்து வருஷம் சிறையில் இருந்துவிட்டு 1963-ல் வெளியே வந்தான்.

கதை இங்கே முடியவில்லை. டெரிக்கின் அக்கா ஐரிஸ், தம்பி பேரில் விழுந்த பழியைத் துடைக்க நாற்பது வருஷத்துக்கும் மேலாகப் போராடினார். 1993-ல் அரைகுறையாக ஒரு மன்னிப்பு கிடைத்தது. 'தூக்கில் போட்டிருக்க வேண்டாம், ஆனால் குற்றவாளிதான்' என்கிற மாதிரி. ஐரிஸ் திருப்தி அடையவில்லை.

இந்தப் போராட்டத்தில் எதிர்பாராத ஒரு திசையிலிருந்து உதவி வந்தது. அதுவும் ஒரு குட்டி வார்த்தைதான்: 'தென்'!

கைதான பிறகு பென்ட்லி தானாகச் சொல்லச் சொல்ல, தாங்கள் எழுதிக்கொண்டதாகப் போலீஸார் ஒரு வாக்குமூலத்தைக் கோர்ட்டில் கொடுத்திருந்தார்கள். கேள்வி எதுவும் கேட்கவில்லையாம். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் மால்கம் கூல்தார்ட் அதை எடுத்துவைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாக எண்ணினார். மொத்தம் 582 வார்த்தைகள். அதில் 'தென்' மட்டும் பத்து இடத்தில்! சாதாரண ஜனங்கள் வாக்குமூலத்தில் அந்த வார்த்தையை இவ்வளவு தடவை சொல்வதில்லை. யார் சொல்வார்கள்? போலீஸ்காரர்கள்! கூல்தார்ட் ஒப்பிட்டுப் பார்த்த போலீஸ் வாக்குமூலங்களில் 78 வார்த்தைக்கு ஒரு 'தென்' இருந்தது.

இன்னொன்று. கதை சொல்கிற எவரும் 'தென் ஐ' என்றுதான் சொல்வார்கள். 'அப்புறம் நான் போனேன்' என்கிற மாதிரி. பென்ட்லியின் வாக்குமூலத்தில் மூன்று இடத்தில் 'ஐ தென்' என்று திருப்பிப் போட்டிருந்தது. 'மேற்படி நபரை நான் பின்னர் சோதனையிட்டேன்' என்று நம் ஊர் ஸ்டேஷனில் எழுதுவார்களே, அந்த நடை! எழுதப் படிக்கத் தெரியாத பையனின் வாயில் அது எப்படி வரும்?

ஒன்றுக்கும் உதவாத 'தி'கூட இதில் மாட்டியது. அந்தத் துப்பாக்கியை அவன் பயன்படுத்துவான் என்று எனக்குத் தெரியாது என்கிற பொருளில் வாக்குமூலத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. 'எ கன்' இல்லை, 'தி கன்'. 'அப்படியானால் துப்பாக்கி இருந்தது முன்பே தெரியும்தானே?' என்று கோடார்டு அதை பென்ட்லிக்கு எதிராகத் திருப்பியிருந்தார். கூல்தார்டோ, அது தானாகச் சொன்ன வாக்கியமாகத் தெரியவில்லை, யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் என்றார். கேள்வியே கேட்கவில்லை என்றார்களே!

1998, ஜூலை 30. லார்டு பிங்ஹாம் தலைமையிலான அப்பீல் கோர்ட், பென்ட்லி மீதான கொலைத் தீர்ப்பை ரத்து செய்தது. கோடார்டு ஜூரிகளுக்குச் சொன்ன தொகுப்புரை ஒருதலைப்பட்சமானது, அந்தப் பையனுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்பதுதான் முக்கியக் காரணம். தீர்ப்பைக் கேட்க ஐரிஸ் உயிரோடு இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்பே, 1997 ஜனவரியில் இறந்துபோயிருந்தார்.

அந்த நாலு வார்த்தைகளை டெரிக் நிஜமாகவே சொன்னானா? சொல்லியிருந்தால், எந்த அர்த்தத்தில்? அகராதியில் எல்லா அர்த்தங்களும் வரிசையாக, நம்பர் போட்டு அடக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. வெளியே வந்துவிட்டால், எந்த அர்த்தம் என்று முடிவு செய்வது சொன்னவன் இல்லை. கேட்டவரும் அதை எழுதிக்கொண்டவரும்தான்.

ஆகவே, வீட்டு அக்ரிமென்ட்டோ, பேங்க் பாரமோ, ஸ்டேஷனில் ஒரு வாக்குமூலமோ... உங்களுக்காக இன்னொருவர் எழுதியதன் கீழே கையெழுத்துப் போடும் முன், அதிலுள்ள குட்டிக் குட்டி வார்த்தைகளை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள். டெரிக் பென்ட்லியால் அது முடியவில்லை. அவனுக்குப் படிக்கத் தெரியாது.