விழுந்த காயமா, விழுந்த அடியா?



1985-ல நான் கிராம சுகாதார செவிலியரா வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு நாள் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி கண் வீங்கி வந்தா. "கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டேன் நர்சம்மா"ன்னா. அப்படியே பதிவேட்டுல எழுதிட்டேன். வழுக்கி விழுந்தவ கையில விரல் தடம் எப்படி வந்துச்சுன்னு கேட்கல. கூடவே மாமியார் நின்னாங்க. குடும்ப விஷயம், நமக்கெதுக்குன்னு நெனச்சேன். அடுத்த மாசம் குறைமாதத்துல குழந்தை பிறந்து, ரெண்டு நாள்ல போயிடுச்சு.

சட்டம் அப்பவும் இருந்தது. 1983-லயே தண்டனைச் சட்டத்துல 498ஏ பிரிவு வந்தாச்சு. ஆனா அது போலீஸ் சமாச்சாரம்னு நாங்க ஒதுங்கினோம். 1996-ல உலக சுகாதார சபை, வன்முறையைப் பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினைன்னு தீர்மானம் போட்டது. காரணம் இருக்கு. அடி வாங்குறவளுக்குக் காயம் மட்டுமில்ல, கருச்சிதைவு, எடை குறைஞ்ச குழந்தை, மன அழுத்தம், தற்கொலை எண்ணம்னு எல்லாம் வருது. அத்தனையும் முதல்ல வந்து நிற்கிறது நர்சு முன்னாடிதான்.

2000-ல மும்பை பாந்த்ராவில, மாநகராட்சி மருத்துவமனைக்குள்ளேயே 'திலாசா' மையம் தொடங்கினாங்க. சிகிச்சைக்கு வர்ற பெண்ணுக்கு அங்கேயே ஆலோசனையும் கிடைச்சது. அப்புறம் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005, அடுத்த வருஷம் அக்டோபர் 26-ல நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்பட்டவ கேட்டா மருத்துவ உதவி செய்தே ஆகணும். புகார் கொடுத்துட்டு வான்னு திருப்பி அனுப்பக் கூடாது. மருத்துவ அறிக்கையின் நகலை இலவசமாத் தரணும்.

அதுக்கப்புறம் நான் கேட்கக் கத்துக்கிட்டேன். கூட வந்தவங்களை வெளிய உட்கார வச்சிட்டு, "வீட்டுல யாராவது அடிக்கிறாங்களாம்மா?"ன்னு கேட்பேன். சிலர் அழுதாங்க, சிலர் மறுத்தாங்க. மறுத்தவங்கள்ல சிலர் அடுத்த தடவை தானா வந்து சொன்னாங்க. சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். நாளைக்குக் கோர்ட்டுல அவளுக்கு அதுதான் சாட்சி.

இப்போ ஓய்வு பெற்று நம்ம குழுவுல இருக்கேன். சந்தா கட்ட வர்றவ முகத்தைப் பார்த்துக் கேட்க நர்சு படிப்பு வேண்டாம். 181-க்குப் போன் போட்டுக் கொடுக்கலாம். பாதுகாப்பு அலுவலருக்கு யார் வேணும்னாலும் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்துல சொன்னவங்க மேல எந்தப் பொறுப்பும் விழாதுன்னு சட்டமே சொல்லுது.

அன்னைக்கு நான் கேட்காம விட்ட கேள்வியை நீங்க கேளுங்க.