விசைப்பலகையில் ஒரு குறுக்குப் பாதை

ஹட்டன் நகரிலிருந்தோ நானுஓயாவிலிருந்தோ தோட்டங்களுக்குச் செல்லும் வண்டிப் பாதை மலையைச் சுற்றிச் சுற்றியே ஏறும். மாட்டு வண்டிக்கென்றும் பின்னர் லொறிக்கென்றும் வெட்டப்பட்ட பாதை அது. கொழுந்துக் கூடையுடன் மலைக்குச் செல்பவர்கள் அவ்வழியே சுற்றிப் போவதில்லை. தேயிலைச் செடிகளின் ஊடே நேராக ஏறும் ஒற்றையடித் தடம் ஒன்று அவர்களுக்கு உண்டு. ‘குறுக்கு’ என்பது அதன் பெயர். குறுக்கிலே நடப்பவருக்கு வழிகாட்டிப் பலகை தேவையில்லை. மழையிலும் மூடுபனியிலும் கால்களே வழியை அறியும்.

கணினியிலும் இத்தகைய குறுக்குகள் உண்டு. சுட்டியைக் கையிற் பிடித்து, திரையில் ஒரு பட்டியலைத் திறந்து, அதனுள் வேண்டிய சொல்லைத் தேடிச் சொடுக்குவது வண்டிப் பாதை. கண்ட்ரோல் என்னும் விசையை அழுத்தியபடி ‘சி’ விசையைத் தட்டி ஒரு சொல்லைப் படியெடுப்பதும், ஆல்ட் விசையுடன் ‘டாப்’ விசையைத் தட்டி ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தாவுவதும் குறுக்கு. இவற்றை வெறும் வசதி என்று நினைப்பவர் பலர். ஆனால் மலைநாட்டிலே, ஒருவருடைய பெயர் பெயராகவே நிற்பதற்கும் இவ்விசைகளுக்கும் தொடர்பு உண்டு.

ஒரு விசை மற்றொரு விசையின் பொருளை மாற்றும் என்ற எண்ணம் கணினிக்கு மிக முந்தியது. 1878இல் வெளிவந்த ரெமிங்டன் இரண்டாம் எண் தட்டெழுத்துப் பொறியில் ‘ஷிப்ட்’ விசை அமைந்தது. அதனால் ஒரே விசை பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் தந்தது. தமிழுக்கு எழுத்துக்களோ மிகுதி. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை உருவாக்கியபோது, ‘நகரா விசை’ என்னும் உபாயத்தைக் கையாண்டார். அவ்விசையைத் தட்டினால் குறி தாளிற் பதியும், தாள் நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அதே இடத்தில் வந்து குறியோடு சேரும். இரண்டு தட்டு, ஓர் எழுத்து. இன்றைய கூட்டு விசைகளுக்கு இதனை நேர் மூதாதை என்று கூறிவிட முடியாது. எனினும் நெருங்கிய உறவு என்பதில் ஐயமில்லை.

கண்ட்ரோல் விசை தந்தி அச்சுப் பொறியிலிருந்து வந்தது. 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி குறியீட்டிலே எழுத்துக்களோடு கட்டளைகளுக்கும் எண்கள் ஒதுக்கப்பட்டன. கண்ட்ரோலுடன் ‘ஜி’ தட்டினால் மறுமுனைப் பொறியில் மணி அடிக்கும். 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பர்ட் சுட்டியை உலகுக்குக் காட்டியபோது, அவருடைய வலக்கை சுட்டியிலும் இடக்கை ஐந்து விசைகள் கொண்ட ஒரு சிறு பலகையிலும் இருந்தன. உலகம் வலக்கையில் இருந்ததை எடுத்துக்கொண்டது; இடக்கையில் இருந்ததை மறந்தது.

1970களின் நடுப்பகுதியில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும், அச்சகத்துக் கத்தரிக்கோலையும் பசையையும் மனத்திற் கொண்டு, வெட்டி ஒட்டும் முறையைத் திரைக்குக் கொண்டுவந்தனர். 1983இல் ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினியிலே இசட், எக்ஸ், சி, வி என அடுத்தடுத்துள்ள நான்கு விசைகள் முறையே செய்ததை மீட்க, வெட்ட, படியெடுக்க, ஒட்ட என்று அமைந்தன. விண்டோஸ் பின்னர் இவற்றைக் கண்ட்ரோல் விசையோடு சேர்த்துக்கொண்டது. 1987இல் ஐபிஎம் நிறுவனம் வகுத்த பொது விதிகளால் உதவிக்கு எஃப்-1, மூடுவதற்கு ஆல்ட்-எஃப்4 என்பன வழக்காயின. சுட்டி இல்லாதவரும் எல்லாப் பணியையும் செய்யக்கூடியவராதல் வேண்டும் என்பது அவ்விதிகளின் கருத்து. கண்பார்வையற்றோர் இன்று திரையைப் பேசக் கேட்டுக் கணினியை இயக்குவது பெரிதும் இந்த வழியிலேதான்.

இனி மலைநாட்டுக்கு வருவோம். தோட்டத்து ஆபீசில் எழுத்து என்பது நெடுங்காலம் ஆங்கிலமாகவே இருந்தது. தொழிலாளி சொன்ன பெயரைக் கிளாக்கர் தம் காதுக்கு எட்டியவாறு செக்ரோலில் எழுதினார். அதே பெயர் பிறப்புப் பதிவில் வேறாகவும், அடையாள அட்டையில் மற்றொன்றாகவும், சேமலாப நிதிக் கணக்கில் பின்னும் வேறாகவும் அமைவது அரிதன்று. ஓர் எழுத்துத்தானே என்று தள்ளிவிட இயலாத வரலாறு இம்மக்களுடையது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானோர், 1949இன் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தபோது, ஏறக்குறைய 8 லட்சம் பேரில் ஏற்கப்பட்டோர் 1,34,000 பேர் அளவினரே. குடும்பம் குடும்பமாகத் தாள்களைத் தேடி அலைந்த காலம் அது. குடியுரிமைச் சிக்கலின் கடைசி முடிச்சு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே அவிழ்ந்தது.

1987இல் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. சட்டம் தமிழை ஏற்றது. பொறியோ உடனே ஏற்கவில்லை. ‘பாமினி’ முதலிய எழுத்துருக்களால் தட்டச்சான தமிழ், திரையிலே தமிழ். கணினியின் வயிற்றிலோ ஆங்கில எழுத்துக்கள். அதைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால், பெயர் இருந்த இடத்திலே பொருளற்ற ஆங்கில எழுத்துச் சிதறலே வந்து நிற்கும். யூனிகோடு 1991இலேயே தமிழ் எழுத்துக்களுக்குத் தனி எண்களை வழங்கியிருந்தது. விண்டோஸ் 2000 அதனைத் தன்னுள் ஏற்றது. இலங்கையின் தமிழ்க் குறியீட்டுத் தரம் 2008இல் வந்தது. ‘நெனசல’ என்னும் அறிவகங்கள் நாடெங்கும் திறக்கப்பட்டதும் இதே காலப்பகுதியிலேதான்.

இன்று ஹட்டன் நகரத்துக் கொமியூனிகேஷன் கடையிலே விண்ணப்பம் ஒன்றைத் தட்டச்சிடும் இளம்பெண், ஆல்ட்-ஷிப்ட் தட்டி ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறுகிறாள். திரையிலுள்ள பட்டியல் எம்மொழியில் இருப்பினும் கண்ட்ரோல்-சி படியெடுக்கவே செய்கிறது. பெயரை ஒருமுறை சரியாக அடித்து, படியெடுத்து, தேவையான ஐந்து இடங்களிலும் ஒட்டுகிறாள். ஐந்திலும் அதே எழுத்து, அதே புள்ளி. செக்ரோல் எழுதிய கைகளால் செய்ய முடியாதது இது. ஆனால் முதலிலே பிழையாக அடித்தால் பிழையும் அவ்வாறே ஐந்து இடங்களுக்கும் போகும். ஆகவே முதற் பெயரைச் சொந்தக்காரரிடம் உரக்க வாசித்துக் காட்டிய பின்னரே படியெடுப்பது நல்லது.

பிழையைத் திரையிற் கண்டால் கண்ட்ரோல்-இசட் உண்டு. பிறப்புப் பதிவேட்டிலே ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஏறிவிட்ட பிழைக்கு அந்த விசை இல்லை. அதைத் திருத்த வேண்டியவர் கையிலிருக்கும் தாள்களையெல்லாம் ஒரு பையிலே போட்டுக்கொண்டு, குறுக்கு வழியே இறங்கி, பஸ் ஏறிப் பிரதேச செயலகத்துக்குத்தான் செல்லவேண்டும்.