தூங்கிப்போன ஆபரேட்டரும் ஒன்பது இலக்க எண்ணும்

டைட்டானிக் படம் பார்த்த எல்லாருக்கும் ஜாக், ரோஸ் தெரியும். சிரில் எவான்ஸ் யாருன்னு கேட்டா? கப்பல் ரேடியோ பத்திக் குறிப்பு எடுக்க ஆரம்பிச்ச பிறகுதான் எனக்கே அந்தப் பேர் கண்ணில் பட்டது.

1912 ஏப்ரல் 14 இரவு. கலிஃபோர்னியன் என்ற கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. அதில் ஒரே ஒரு வயர்லெஸ் ஆபரேட்டர், 20 வயது எவான்ஸ். சுற்றிலும் பனி, நின்றுவிட்டோம் என்று டைட்டானிக்குக்குத் தகவல் சொன்னார். பயணிகளின் தந்திகளை மும்முரமாக அனுப்பிக்கொண்டிருந்த டைட்டானிக் ஆபரேட்டர், குறுக்கே வராதே என்று அவரை அடக்கிவிட்டார். பதினொன்றரை மணி வாக்கில் எவான்ஸ் கருவியை நிறுத்திட்டுப் படுத்துட்டார். 11.40க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது.

கலிஃபோர்னியன் கேப்டன் சொன்ன கணக்குப்படியே பார்த்தாலும் இடைவெளி 20 மைலுக்குள்தான். உதவிக்கு வந்ததோ, 58 மைல் தள்ளி இருப்பதாகக் கணக்குப் போட்ட கார்பேத்தியா. அதன் ஆபரேட்டர் ஹெரால்ட் காட்டம் படுக்கப் போகும் நேரத்திலும் ஹெட்போனைக் கழற்றவில்லை. அதனால் அழைப்பு காதில் விழுந்தது. 700க்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். சுமார் 1,500 பேர் இறந்தார்கள்.

ஆக, ரேடியோ இருந்தா மட்டும் போதாது, மறுமுனையில் ஒருத்தர் முழிச்சிருக்கணும். அடுத்த எண்பது வருஷமும் கடல் ரேடியோ உலகம் இந்தப் பிரச்சினையோடுதான் மல்லுக்கட்டியது.

முதலில் விதிகள் வந்தன. 1914இல் லண்டனில் கூடிய கடல் உயிர்ப் பாதுகாப்பு மாநாடு, பல கப்பல்களில் இரவு பகலாக ரேடியோ காவல் வேண்டும் என்றது. பின்னாளில் 'மௌன நேரம்' என்று ஒரு வழக்கமும் வந்தது. ஒவ்வொரு மணியிலும் 15ஆவது, 45ஆவது நிமிடம் தொடங்கி மூன்று நிமிடம், 500 கிலோஹெர்ட்ஸில் எல்லாரும் பேச்சை நிறுத்திக் காது கொடுக்கணும். பழைய கப்பல் ரேடியோ அறைக் கடிகாரங்களைப் பார்த்தால் அந்த மூன்று நிமிடங்கள் சிவப்பில் இருக்கும். அப்புறம் தானியங்கி மணி வந்தது. நான்கு நொடி நீளமுள்ள பன்னிரண்டு கோடுகளை ஒரு நிமிடத்தில் அனுப்பினால், தூங்குகிற ஆபரேட்டரின் தலைமாட்டில் மணி அடிக்கும். ஆனால் யார் அழைக்கிறார், எங்கிருந்து அழைக்கிறார் என்பது அந்த மணிக்குத் தெரியாது.

இதற்கு விடைதான் டிஎஸ்சி எனப்படும் டிஜிட்டல் அழைப்பு. 1992 பிப்ரவரி 1இல் தொடங்கி 1999 பிப்ரவரி 1க்குள் பெரிய கப்பல்கள் எல்லாம் படிப்படியாகப் புதிய அபாய ஏற்பாட்டுக்கு மாறின, மோர்ஸ் விடைபெற்றது. ரேடியோவில் மூடி போட்ட சிவப்பு பட்டன் ஒன்று இருக்கும். மூடியைத் திறந்து சில நொடி அழுத்திப் பிடித்தால் போதும். வி.எச்.எஃப். என்றால் 70ஆம் சேனலில் ஒரு சின்னச் செய்தி பறக்கும்: நான் இன்னார், இந்த இடத்தில், இத்தனை மணிக்கு ஆபத்தில் இருக்கிறேன். அலை எட்டும் தூரத்தில் உள்ள டிஎஸ்சி ரேடியோக்கள் அலறும். யாரும் ஏற்றுக்கொண்டதாகப் பதில் தராவிட்டால், சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை கருவி தானாகவே மறுபடி அழைக்கும். பேச்சு 16ஆம் சேனலில் தொடரும்.

அந்த 'இன்னார்' என்பதுதான் எம்எம்எஸ்ஐ என்கிற ஒன்பது இலக்க எண். கப்பல் என்றால் முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும்: இந்தியாவுக்கு 419, இலங்கைக்கு 417. கரை நிலையம் என்றால் முன்னால் இரண்டு சைபர். போன் நம்பர் மாதிரிதான், ஆனால் ஆளுக்கு இல்லை, கப்பலுக்கு.

இங்கேதான் எனக்கு உறைத்த விஷயம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒரு பாதுகாப்பு எச்சரிக்கையில் சொன்னது: தங்களுக்கு வந்த வி.எச்.எஃப். டிஜிட்டல் அபாய அழைப்புகளில் சுமார் 90 சதவீதத்தில் இடம் பற்றிய தகவலே இல்லை. சுமார் 60 சதவீதத்தில் இருந்தது பதிவு செய்யப்படாத எண். காரணம் ரொம்பச் சாதாரணம். ரேடியோவை ஜிபிஎஸ்ஸோடு இணைக்கும் ஒயரை மாட்டவில்லை. எண்ணைப் பதிந்து, படகின் பெயர், நிறம், வீட்டுத் தொலைபேசி எல்லாம் கொடுக்கும் படிவத்தை நிரப்பவில்லை. படகை வாங்கியவர் பழைய உரிமையாளரின் விவரத்தை மாற்றவில்லை.

1912இல் அழைப்பு போனது, கேட்க ஆள் இல்லை. இப்போது இரவு பகலாக இயந்திரம் கேட்கிறது. ஆனால் கேட்டவருக்கு யாரைத் தேடுவது, எங்கே தேடுவது என்று தெரியாமல் போகலாம். அடுத்த முறை டிஎஸ்சி ரேடியோ உள்ள படகில் ஏறினால் இரண்டே விஷயம் பாருங்க: திரையில் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிகிறதா? அதில் இருக்கும் ஒன்பது இலக்கம் இந்தப் படகின் பேரில்தான் பதிவாகியிருக்கிறதா? ஒரு கேபிள், ஒரு படிவம். கரையில் இருக்கும்போதே முடிக்கிற வேலை அது.