முப்பது வயதில் ஒரு மாணவர்

மணியாச்சியைக் கடந்து கோவில்பட்டி நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையின் இருமருங்கும் கரிசல் விரிந்து கிடக்கிறது. அக்கரிசலின் காமநாயக்கன்பட்டியில் இறைப்பணி புரிந்தவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்த அவர், முப்பது வயதிற்குப் பின்னரே தமிழ் மண்ணை மிதித்தார். சிறுவனைப்போல் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். பேசவும் எழுதவும் கற்றதோடு அமையாது, இலக்கியத்தில் திளைத்துத் தேம்பாவணியைப் படைத்தார். வளர்ந்தோராகிய வேதியர்க்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலையும் இயற்றினார்.

1990களில் அறிவொளி இயக்கம் தமிழகச் சிற்றூர்களில் முதியோர்க்கு எழுத்தறிவித்தது. பாட்டும் வீதி நாடகமும் அதற்குத் துணைநின்றன. ஆயினும், பெயரெழுதக் கற்றவருள் எத்தனை பேர் வரலாற்றையும் காவியத்தையும் எட்டினர்? உழைத்துக் களைத்தவருக்கு இலக்கியம் எதற்கு என்போர், அம்முனிவரின் வாழ்வை எண்ணிப் பார்க்கட்டும். கையொப்பம் கல்வியின் வாசற்படியே. அங்கேயே அவர்களை நிறுத்திவிடுவது அறமாகாது.